சோபாவைக் குளிப்பாட்டாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, மழைக்கால நாற்றமும் உரியும் ரெக்சினும்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எங்கள் சோபாவில் கறை. போகவே மாட்டேன் என்கிறது. வழி சொல்லுங்கள். (சேலம்)

பதில்: என்ன கறை? என்ன துணி? இதுவரை எதைப் போட்டுத் தேய்த்தீர்கள்? எதையுமே எழுதாவிட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும். குஷனுக்கு அடியில் ஒரு துணிச் சீட்டு தைத்திருக்கிறதா பாருங்கள். டபிள்யூ என்றிருந்தால் சோப்பு நுரை ஆகும். எஸ் என்றால் தண்ணீர் கூடாது, டிரை கிளீனிங் திரவம்தான். இரண்டும் சேர்ந்திருந்தால் எதுவானாலும் சரி. எக்ஸ் என்றால் வேக்குவம் கிளீனரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளூரில் சொல்லிச் செய்த சோபாவில் சீட்டே இருக்காது. அப்படியானால் சுவர்ப்பக்கம், கண்ணில் படாத மூலையில் முதலில் போட்டுப் பாருங்கள். காய்ந்தபின் சாயம் இறங்கவில்லை என்றால் மட்டும் முன்பக்கத்துக்கு வாருங்கள். விவரத்தோடு மறுபடி எழுதவும்.

கேள்வி: என் மாமனார் தலை சாய்க்கும் இடத்தில் தேங்காய் எண்ணெய்ப் பிசுக்கு. (திருநெல்வேலி)

பதில்: முகப்பவுடரோ சோளமாவோ தாராளமாகத் தூவி இரவு முழுக்க விடுங்கள். காலையில் உறிஞ்சி எடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் லிக்விடின் நுரையை மட்டும் துணியில் தொட்டு ஒற்றுங்கள். நுரையை மட்டும், தண்ணீரை அல்ல. அப்புறம் அந்த இடத்தில் ஒரு துண்டைப் போட்டு வையுங்கள். மாமனாரைத் திருத்துவதைவிட இது சுலபம்.

கேள்வி: சாம்பார் சிந்திவிட்டது. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகிவிட்டதே! (கரூர்)

பதில்: ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே கதைதான். சோப்பிலும் காரம் இருக்கிறது. பிழிந்த ஈரத்துணியால் ஒற்றிச் சோப்பை எடுத்துவிட்டால் மறுபடி மஞ்சளுக்கு வந்துவிடும். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. குஷனைத் தனியே எடுத்து இரண்டு மூன்று நாள் காலை வெயிலில் காட்டுங்கள், பெரும்பகுதி வெளுத்துவிடும். அடர்நிறத் துணியானால் மணிக்கணக்கில் விட வேண்டாம், துணியும் வெளுக்கும்.

கேள்வி: 60 ஆயிரம் கொடுத்து வாங்கிய லெதர் சோபா, மூன்றே வருடத்தில் செதில் செதிலாக உரிகிறது. எண்ணெய் தடவலாமா? ஒட்ட பசை உண்டா? (தூத்துக்குடி. இதே கேள்வி கடலூர், நாகர்கோவிலிலிருந்தும்)

பதில்: அது லெதர் இல்லை. நல்ல தோல் வறளும், வெடிக்கும். இப்படி உரிந்து வேட்டியில் ஒட்டிக்கொண்டு வராது. உங்களுடையது துணியின் மேல் பாலியூரித்தேன் பூசிய ரெக்சின். காற்றிலுள்ள ஈரமே அந்தப் பூச்சை மெல்ல மெல்லச் சிதைக்கும். வியர்வையும் தலை எண்ணெயும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். கடலோர ஊர்களில் யாரும் உட்காராத சோபாகூட உரிகிறது. எனவே தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ், பசை எதுவும் வேண்டாம். பூச்சே செத்துப்போனபின் ஒட்ட என்ன இருக்கிறது?

எனக்கு எரிச்சல் உரிவதில் இல்லை, விற்பதில். பேசும்போது ‘லெதர்’ என்பார்கள். பில்லைப் பார்த்தால் ‘லெதரெட்’, ‘பி.யூ. லெதர்’, இப்போது புதிதாக ‘வீகன் லெதர்’. எதுவும் தோல் இல்லை. ‘பாண்டட் லெதர்’ என்றால் தோல் தூளைப் பசையில் குழைத்துத் தாளாக்கியது, அதுவும் உரியும். உத்தரவாத அட்டையில் மரச்சட்டத்துக்கு ஐந்து வருடம் எழுதியிருக்கும். மேலுறை உரிந்தால் பொறுப்பில்லை என்பது பொடி எழுத்தில் இருக்கும். வாங்கும்போதே குஷன் ஜிப்பைத் திறந்து மேலுறையின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். தோலானால் நார்நாராக, சொரசொரவென்று இருக்கும். பின்னல் துணி தெரிந்தால் ரெக்சின். கடைக்காரர் திறக்க விடவில்லை என்றால் அதுவே பதில். பஸ் சீட்டுக்குப் போடும் பழைய பி.வி.சி. ரெக்சின் பார்க்க அழகில்லைதான். நாளாக இறுகி வெடிக்குமே தவிர இப்படி உரியாது.

சட்டமும் ஸ்பாஞ்சும் நன்றாக இருந்தால் சோபாவைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்று பேர் உட்காரும் சோபாவுக்கு 54 அங்குல அகலத் துணி பத்து மீட்டர் அளவுக்குப் பிடிக்கும். குஷன் வேலை செய்பவரிடம் கொடுத்துத் துணி உறை போட்டுவிடுங்கள். மறுபடி ரெக்சின் போடுகிறேன் என்றால் எனக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்து ஷாம்பு போட்டுப் போனார்கள். ஒரு வாரமாக ஈர நாற்றம். (சென்னை)

பதில்: சோபாவைக் குளிப்பாட்டாதீர்கள் என்று எத்தனை தடவை எழுதுவது! மேல்துணி காய்ந்தாலும் ஸ்பாஞ்சுக்குள் தண்ணீர் நிற்கும், பூஞ்சை பிடிக்கும், அடியில் பிளைவுட் உப்பும். ஸ்பாஞ்சை உருவி நிழலில் நிமிர்த்தி வைத்து டேபிள் ஃபேன் போடுங்கள். உறையில்லாத ஸ்பாஞ்சை வெயிலில் போட்டால் பழுத்துப் பொடியாகும். சோபாவைச் சாய்த்து, அடியிலுள்ள கறுப்புத் துணியில் ஒரு பக்கத்து ஸ்டேப்பிள்களைப் பிடுங்கிவிட்டால் உள்ளே காற்று போகும். வாசனை ஸ்பிரே அடித்தால் இரண்டு நாற்றம் சேர்ந்து வரும், அவ்வளவுதான்.

கேள்வி: குஷன் உறையில் ஜிப் இருக்கிறது. வாஷிங் மெஷினில் போடலாம்தானே? (மதுரை)

பதில்: ஜிப் வைப்பது ஸ்பாஞ்சைத் திணிக்க. துவைத்து உறை சுருங்கினால் மறுபடி ஏறாது. சீட்டு அனுமதித்தால் மட்டும்.

கேள்வி: குழந்தை மூத்திரம் போய்விட்டான். ப்ளீச் ஊற்றலாமா? (ஓசூர்)

பதில்: கூடவே கூடாது. மூத்திரத்தோடு ப்ளீச் சேர்ந்தால் நச்சு வாயு வரும். பழைய துண்டை வைத்து அழுத்தி ஈரத்தை வாங்குங்கள். வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, மூலையில் சோதித்துவிட்டு, லேசாகத் தெளித்து ஒற்றுங்கள். காய்ந்தபின் ஆப்பசோடா தூவி மறுநாள் உறிஞ்சி எடுங்கள்.

கேள்வி: பழைய சோபா வாங்கினோம். மூட்டைப்பூச்சி. வெயிலில் போட்டும் போகவில்லை. மண்ணெண்ணெய்? (திருச்சி)

பதில்: வீட்டைக் கொளுத்தவா? வெயில் மேலே சுடும். பூச்சி தையலிடுக்கிலும் ஸ்டேப்பிள் ஓரத்திலும் ஒளிந்திருக்கும். சாப்பாடில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், காத்திருந்தும் பயனில்லை. எல்லாத் தையலிலும் ஸ்டீமர் நீராவியை மெதுவாகக் காட்டலாம், பிறகு நன்றாக உலர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பூச்சி மருந்து அடிப்பவர்தான். முட்டை பொரிய ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்பதால் ஒரு தடவை அடித்தால் போதாது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வர வேண்டும். அதற்கும் சேர்த்தே கூலி பேசி முடித்துவிடுங்கள்.