கணக்கில் புலி, கருத்தில் பிடிவாதம்: கேள்வி பதில்

கல்லூரியில் உளவியல் சொல்லிக்கொடுப்பவள் நான். அறிவுத்திறன், திறந்த மனது இரண்டைப் பற்றியும் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் ஐந்துக்கு இங்கே பதில்.

மேடம், என் அப்பா ஓய்வுபெற்ற பொறியாளர். கணக்கில் புலி. ஆனால் ஏதாவது ஒரு வைத்தியத்தை நம்பிவிட்டால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். இவ்வளவு புத்திசாலி ஏன் இப்படி?

உங்கள் அப்பா மட்டும் இல்லை தம்பி. புத்திசாலித்தனம் ஒரு திறமை. தன் கருத்துக்கு எதிரான சான்றையும் நிதானமாகப் பார்ப்பது ஒரு பழக்கம். முதலாவது இருந்தால் இரண்டாவதும் கூடவே வந்துவிடும் என்று நினைக்கிறோம், அங்கேதான் தவறுகிறோம். கீத் ஸ்டானோவிச் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் பல வருஷம் இதை ஆராய்ந்தார்கள். தன் பக்கத்துக்குச் சாதகமாகவே யோசிக்கும் சாய்வு, அறிவுத்திறன் கூடியவர்களிடம் பெரிதாகக் குறைவதில்லை என்று கண்டார்கள்.

டான் கஹானும் குழுவினரும் 2013-இல் அமெரிக்காவில் செய்த சோதனை இன்னும் தெளிவு. ஓர் அட்டவணையைக் கொடுத்து, இந்தக் களிம்பு தோல் தடிப்பைக் குறைக்கிறதா என்று கேட்டார்கள். கணக்குத் தெரிந்தவர்கள்தான் அதிகம் சரியாகச் சொன்னார்கள். அப்புறம் அதே மாதிரி எண்களுக்குத் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று தலைப்பு வைத்தார்கள். இப்போது அரசியல் உள்ளே வந்துவிட்டது. தாராளவாதிகள், பழமைவாதிகள் என்ற இரு தரப்பாரின் விடைகளுக்கும் இடையே இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளி அதிகமாக இருந்தது கணக்கில் வல்லவர்களிடம்தான்! விடை தனக்குப் பிடித்ததாக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம், பிடிக்காவிட்டால்தான் தோண்டுகிறோம். நன்றாகத் தோண்டத் தெரிந்தவருக்கு எப்படியும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

லைனஸ் பாலிங்கைப் பாருங்கள். 1954-இல் வேதியியலுக்கும், பிறகு அமைதிக்கும் என்று இரண்டு நோபல் வாங்கியவர். டான் ஷெக்ட்மன் 1982-இல் கண்ட குவாசிகிரிஸ்டல் என்ற புதுவகைப் படிகத்தைக் கடைசிவரை அவர் ஏற்கவில்லை. ஷெக்ட்மனுக்கு 2011-இல் அதற்கே நோபல் கிடைத்தது.

அப்பாவோடு வாதத்துக்குப் போகாதீர்கள். "இது உடம்புக்குள்ள எப்படிப்பா வேலை செய்யுது?" என்று மட்டும் கேளுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ளும் ஆசையோடு. ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், பூட்டு போன்ற அன்றாடச் சாமான்கள் எப்படி இயங்குகின்றன என்று விளக்கச் சொன்னார்கள். விளக்க முயன்ற பிறகு, தங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதற்குத் தாங்களே போட்ட மார்க்கை மக்கள் குறைத்துக்கொண்டார்கள். அந்தத் தயக்கம் வர இடம் கொடுங்கள். மருந்தை நிறுத்துகிற விஷயம் என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரைப் பேசச் சொல்லுங்கள்.

நான் பி.எட். படிக்கிறேன். கார்ட்னரின் பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டின்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் அவரவர் வகையில் பாடம் நடத்த வேண்டுமா?

ஹோவர்ட் கார்ட்னர் 1983-இல் அறிவுத்திறனில் மொழி, கணிதம், இசை, உடலியக்கம் முதலாக ஏழு வகை சொன்னார். பின்னால் இயற்கையை அறியும் திறனையும் சேர்த்தார். மார்க் வாங்காத பிள்ளையையும் மரியாதையாகப் பார்க்க வைத்த கோட்பாடு அது, அதற்காக எனக்கு அவர்மேல் மதிப்பு உண்டு. ஆனால் இந்த வகைகள் ஒன்றையொன்று சாராதவை என்பதற்குச் சோதனைச் சான்று வலுவாக இல்லை. ஒரு பாடத்தில் நன்றாகச் செய்பவர் மற்றவற்றிலும் ஓரளவு நன்றாகச் செய்யும் போக்கை ஸ்பியர்மன் என்ற உளவியலாளர் 1904-லேயே காட்டினார். அது இன்றுவரை திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. கற்றல் பாணி, அதாவது ஒவ்வொருவருக்கும் பார்த்தோ கேட்டோ செய்தோ ஒரு விதத்தில்தான் நன்றாக ஏறும் என்பது வேறு, என் கோட்பாடு வேறு என்று கார்ட்னரே சொல்லியிருக்கிறார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் "உங்க பையன் இசை அறிவுப் பிள்ளை" என்று பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை. பிள்ளைக்கு அப்படி ஒரு முத்திரை குத்தினால், மற்ற கதவுகளை நாமே சாத்திவிடுகிறோம்.

அதைவிடச் சான்று வலுவான பிரிவு ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் சொன்னது. முன்பின் பார்க்காத சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்ப்பது ஒன்று. படிப்பாலும் அனுபவத்தாலும் சேர்த்து வைத்தது இன்னொன்று. முதலாவது இளமையில் உச்சம் தொட்டு மெல்ல இறங்கும். இரண்டாவது வயதானாலும் வெகுகாலம் நிற்கும். புது செல்போனில் தடுமாறும் பாட்டி, சம்பந்தம் பேச வந்தவர்களின் குடும்பத்தைப் பத்து நிமிஷத்தில் எடை போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

செல்போன் ஆப்பில் என் ஐக்யூ 142 என்று வந்தது. நம்பலாமா?

வேண்டாம். முறையான சோதனையைப் பயிற்சி பெற்றவர் நேரில் உட்கார்ந்து எடுப்பார். பாரிஸில் பினேயும் சிமோனும் 1905-இல் முதல் சோதனையை உருவாக்கியதே, வகுப்பில் யாருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று கண்டுபிடிக்கத்தான்.

என் தோழி எதைச் சொன்னாலும் "இருக்கலாம்" என்பாள். ஆவி, வேற்றுக்கிரகவாசி எல்லாம் சரி என்பாள். இதுதானே திறந்த மனது?

இரண்டு விஷயம் இங்கே கலந்துவிடுகிறது. புதியவற்றின் மேல் ஆர்வம் ஒரு குணம். பெரும்பாலும் நல்ல குணம். அறிவுத்திறனோடு, குறிப்பாகச் சேர்த்து வைத்த அறிவோடு, அதற்கு ஓரளவு தொடர்பும் உண்டு. ஜொனாதன் பாரன் என்ற உளவியலாளர் பேசுவது இன்னொன்று: தன் நம்பிக்கைக்கு எதிரான சான்றைத் தானே தேடிப் போவது.

ஆர்தர் கோனன் டாயிலிடம் முதலாவது ஏராளம். ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர், டாக்டர். இங்கிலாந்தின் காட்டிங்லியில் இரண்டு சிறுமிகள் 1917-இல் எடுத்த தேவதைப் படங்களை உண்மை என்று நம்பி 1920-இல் பத்திரிகையில் எழுதினார். அந்தத் தேவதைகள் அட்டையில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியால் குத்தி நிறுத்தியவை. அந்தப் பெண்கள் 1980-களில் பாட்டிகளான பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் தோழி "இருக்கலாம்" என்று சொன்னதும், "எதைப் பார்த்தா இல்லைன்னு ஒத்துக்குவ?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு அவளிடம் பதில் இருந்தால் அது திறந்த மனது.

மேடம், எனக்கும் பத்து வயது மகனுக்கும் இந்தப் பழக்கம் வர என்ன செய்யலாம்?

சார்லஸ் டார்வின் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தன் முடிவுக்கு ஒத்துவராத தகவல் எது கண்ணில் பட்டாலும் உடனே குறித்துவிடுவார். சாதகமானதைவிட அதுதான் சீக்கிரம் மறந்துபோகிறது என்று சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு நோட்டு போதும், உங்களால் முடியும்.

மகனுக்கு ஒரு விளையாட்டு. பீட்டர் வேசன் 1960-இல் வெளியிட்ட சோதனை, நான் வருஷா வருஷம் வகுப்பில் ஆடுவது. கரும்பலகையில் 2, 4, 6 என்று எழுதி, இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, வேறு மூன்று எண் சொல்லுங்கள், ஆமா இல்லை என்று மட்டும் சொல்வேன் என்பேன். 8, 10, 12 என்பார்கள். ஆமா. 20, 22, 24. ஆமா. "ரெண்டு ரெண்டாக் கூடுது மேடம்!" இல்லை என்றதும் வகுப்பே திகைக்கும். விதி, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் என்பதுதான். 5, 6, 93 என்று உடைத்துப் பார்க்க முதலில் யாருக்கும் தோன்றுவதில்லை. நாலு தடவை ஆடினால் பிள்ளைகள் தாங்களாகவே "இல்லை" வாங்கத் துடிப்பார்கள். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஆரம்பிக்கும் முன்பே விதியைத் தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இல்லையென்றால் நடுவில் மாற்றிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வருவான்.