புலியா, கடுவாவா?

அன்புள்ள சார்,

வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்து எழுதுகிறேன். எங்கள் லயத்துப் பிள்ளைகள் ஒன்பது பேருக்கு சாயங்காலம் இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். எல்லாம் ஒன்றாவது, இரண்டாவது படிக்கிற வாண்டுகள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். விலங்குகளின் பெயர் படிக்கட்டும் என்று என் போனில் ஆன்லைன் விளையாட்டுகளைப் போட்டுக் கொடுத்தேன். படத்தையும் பெயரையும் ஜோடி சேர்ப்பது, சத்தம் கேட்டுத் தொடுவது, அந்த மாதிரி. பத்துக்குப் பத்து வாங்குகிறார்கள். போனை வாங்கி வைத்துவிட்டு வாசலில் நிற்கிற ஆட்டைக் காட்டிக் கேட்டால் முழிக்கிறார்கள். போதாக்குறைக்கு, டைகர் என்றால் 'கடுவா' என்கிறான் ஒருவன், 'புலி' என்கிறாள் அவன் தங்கை. தினமும் சண்டை. விளையாட்டை நிறுத்திவிடட்டுமா?

— ஒரு வாசகி

அன்புள்ள டீச்சர்,

நிறுத்த வேண்டாம். முதலில் அண்ணன் தங்கை சண்டையைத் தீர்த்துவிடுவோம்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். தமிழில் வரிபோட்டது புலி, புள்ளிபோட்டது சிறுத்தை. மலையாளத்தில் வரிபோட்டது கடுவா, வெறுமனே 'புலி' என்றால் பெரும்பாலும் புள்ளிபோட்டது. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற பெரியார் காடு 1978-ல் புலிகள் காப்பகம் ஆனது. மலையாளத்தில் அதன் பெயர் கடுவா சங்கேதம். ஆக, வீட்டில் கேட்கிற புலி வேறு, பள்ளிக்கூடத்தில் கேட்கிற புலி வேறு. ஆறு வயதுப் பிள்ளை இதைச் சுமந்துகொண்டுதான் உங்கள் வகுப்புக்கு வருகிறது. படத்தைக் காட்டி 'டைகர் என்றால் புலி' என்று முடித்துவிட்டால் அந்தக் குழப்பம் அப்படியே உள்ளே தங்கிவிடும். சிலேட்டில் இரண்டு உடம்பு வரையுங்கள். ஒன்றில் கோடு, ஒன்றில் புள்ளி. கோடு டைகர், புள்ளி லெப்பர்டு. புலி, கடுவா இரண்டையும் பிள்ளைகளே அவரவர் வீட்டுப் பேச்சுப்படி பக்கத்தில் எழுதட்டும். விளையாட்டில் சீட்டா வந்தால் கண்ணிலிருந்து வாய் வரை கண்ணீர் வழிந்த மாதிரி இறங்குகிற கறுப்புக் கோட்டைக் காட்டுங்கள். லெப்பர்டுக்கு அது கிடையாது.

இனி பத்துக்குப் பத்து விஷயம். ஜோடி சேர்க்கிற விளையாட்டில் விடை திரையிலேயே இருக்கிறது. நாலில் ஒன்றைப் பிள்ளை தேர்ந்தெடுத்தால் போதும், தப்பாகத் தொட்டால் இன்னொன்றைத் தொடலாம். வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. பார்த்து அடையாளம் கண்டுகொள்வது ஒரு வேலை. ஒன்றும் எழுதியில்லாத இடத்தில் சொல்லை நினைவிலிருந்து எடுப்பது வேறு வேலை. விளையாட்டு முதல் வேலைக்குப் பழக்குகிறது, நீங்கள் ஆட்டைக் காட்டிக் கேட்பது இரண்டாவது வேலை. பிள்ளைகளிடம் குறையே இல்லை.

எனக்கு இது என் தங்கை மகளிடம் புரிந்தது. கம்பத்தில் எங்கள் வீட்டுக்கு லீவுக்கு வந்திருந்தாள். விளையாட்டில் ஷீப் ஒருதடவைகூடத் தப்பாது. அறுப்பு முடிந்த வயலில் கிடை போட்டிருந்தார்கள், கூட்டிக்கொண்டு போனேன். அவ்வளவு ஆட்டையும் பார்த்துவிட்டு 'கோட், கோட்' என்று குதித்தாள். அவள் மேல் என்ன தப்பு? விளையாட்டில் வந்த ஷீப் பஞ்சு மூட்டை மாதிரி வெள்ளையாக, சுருட்டை மயிரோடு இருந்தது. நம் ஊர் ஆடு செம்மண் நிறம், கம்பளி கிடையாது. செம்மறி என்ற பேரிலேயே அந்தச் சிவப்பு இருக்கிறது. கிடைக்காரர் கூப்பிட்டு வாலைப் பார்க்கச் சொன்னார். செம்மறிக்கு வால் கீழே தொங்கும், வெள்ளாட்டுக்கு மேலே தூக்கி நிற்கும். பிள்ளை குனிந்து ஒவ்வொரு ஆட்டின் பின்னாலும் போய்ப் பார்த்தது. ஷீப், ஷீப், ஷீப். கிடைக்குள் கலந்திருந்த ஒரு கறுப்பு வெள்ளாட்டிடம் வந்ததும் நின்று, 'கோட்!' அதற்குப் பிறகு அவளுக்கு அந்த இரண்டு சொல்லும் மறக்கவே இல்லை.

அதனால் வரிசையை மாற்றிப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து விலங்கு போதும். முதலில் நேரில் அல்லது போட்டோவில் பார்த்து, நீங்கள் சொல்ல, அவர்கள் சொல்ல வேண்டும். அப்புறம் விளையாட்டு, பத்து நிமிஷம். அது முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வந்த ஐந்தையும் வாயால் சொல்லச் சொல்லுங்கள். கவிழ்த்த பிறகு நடப்பதுதான் பாடம், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மறுநாள் தொடங்கும்போது நேற்றைய ஐந்தைக் கேட்டுவிட்டுப் புதியதுக்குப் போங்கள். விளையாடும்போதும் ஒரு பிள்ளை தொடுவதற்கு முன்னால் பக்கத்துப் பிள்ளை பெயரை உரக்கச் சொல்ல வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே போன்தான் என்பது அப்போது வசதியாகிவிடும்.

எஸ்டேட்டில் சிக்னல் எப்படி என்று எனக்குத் தெரியும். ஜிகாம்ப்ரி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. ஒருதடவை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் வேண்டாம், விளம்பரமும் வராது. இரண்டு வயது முதல் பத்து வயது வரைக்கும் செய்திருக்கிறார்கள். பண்ணை விலங்குகளைத் தொட்டுப் பார்த்து, பிறகு குரலைக் கேட்டு எது என்று கண்டுபிடிக்கிற பகுதி ஒன்று உண்டு. சின்னவர்களுக்கு அது பிடிக்கும்.

ஆனால் அதிலும் பண்ணை வெளிநாட்டுப் பண்ணைதான். உங்கள் பிள்ளைகளின் காடு எந்த விளையாட்டிலும் முழுசாக இல்லை. தேயிலைக்குள் வந்து நிற்கிற காட்டுமாடு, மரத்துக்கு மரம் தாவுகிற மலை அணில், கருமந்தி, இதையெல்லாம் நீங்களே சேர்க்க வேண்டும். காட்டுமாட்டை இங்கே எல்லாரும் பைசன் என்கிறோம். விளையாட்டில் பைசன் என்று வருவது பெரும்பாலும் பிடரியும் தாடியும் வைத்த அமெரிக்க மாடு. நம்முடையதற்கு கவுர் என்று தனிப்பேர் உண்டு, அதைச் சொல்லிக் கொடுங்கள். லயத்தில் யாராவது போனில் எடுத்த படம் நிச்சயம் இருக்கும், கேட்டு வாங்குங்கள். காட்டுமாட்டைப் படம் எடுக்கிறேன் என்று பிள்ளைகள் கிட்டே போய்விடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு படம், அடுத்த பக்கத்தில் அதன் பெயர் என்று வரிசையாகப் போட்டால் அதுவே விளையாட்டு.

கிடை ஆடுகளை அன்றைக்கு வாலோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த வாரம் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்புகிறேன். முதல் ஐந்தில் ஷீப்பும் கோட்டும் இருக்கட்டும்.

அன்புடன்.