எல்லாருக்கும் கூலி கூடியும் இடைவெளி ஏன் விரிகிறது?

கேள்வி: வயலிலிருந்து ஆலைக்கும் ஆலையிலிருந்து சேவைத் துறைக்கும் ஆட்கள் நகர்வதைத்தானே வளர்ச்சி என்கிறார்கள்? கூலி கூடுகிறது, சரி. சம்பள ஏற்றத்தாழ்வும் ஏன் கூடவே வளர்கிறது?

பதில்: யாரும் யார் வயிற்றிலும் அடிக்காமலேயே வளரும், அதுதான் வேடிக்கை. 100 பேர் வயலில் ஆளுக்கு 10 கூலி வாங்குகிறார்கள் என்று வையுங்கள், ஏற்றத்தாழ்வு பூஜ்யம். 10 பேர் ஆலைக்குப் போய் 20 வாங்கினால், மிச்சப் பேருக்கு எதுவும் குறையாவிட்டாலும் கினி குறியீடு (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்: 0 என்றால் எல்லாருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே) 0.08 ஆகிவிடும். 40 பேர் போனால் 0.17. 90 பேர் போனபின் 0.05-க்கு இறங்கிவிடும். ஏறி இறங்கும் இந்த மேட்டைத்தான் 1955-ல் பொருளாதார அறிஞர் சைமன் குஸ்நெட்ஸ் சொன்னார். அதில் 5 சதவீதம்தான் தரவு, 95 சதவீதம் ஊகம் என்று அவரே ஒப்புக்கொண்டதைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

ஆலையிலிருந்து சேவைத் துறைக்குப் போகும்போது கதை மாறுகிறது. 20 வருடம் வெல்டிங் செய்தவரின் சம்பளச் சீட்டைப் பாருங்கள்: அடிப்படைச் சம்பளம், ஓவர்டைம், சர்வீஸுக்கு ஏற்ற உயர்வு, யூனியன் பேசி வாங்கிய படிகள். ஆலை மூடினால் இவை எல்லாம் வாசலோடு சரி, காவலாளி வேலைக்கோ பொருள் டெலிவரிக்கோ போனால் நேற்று சேர்ந்த பையனுக்கு என்ன சம்பளமோ அதுதான் அவருக்கும். இன்ன படி செய் என்று விதியாக எழுதிவிடக்கூடிய வேலைகளைக் கணினி எடுத்துக்கொள்கிறது என்று ஆட்டர், லெவி, மர்னேன் என்ற பொருளாதார அறிஞர்கள் மூவரும் 2003-ல் எழுதினார்கள். கணக்கெழுதுபவர், ஆலைத் தொழிலாளி என்று நடுவில் இருந்தவர்கள்தான் இதில் அதிகம் அடிபட்டார்கள். மேலே மென்பொருள், மருத்துவம், நிதி, கீழே துப்புரவு, முதியோர் பராமரிப்பு. இரண்டுமே சேவைத் துறைதான், பெயரில் மட்டும்!

கேள்வி: அப்படியானால் எல்லாரும் படித்துவிட்டால் தீர்ந்துவிடுமா?

பதில்: பாதி தீரும். சம்பள இடைவெளியைப் படிப்புக்கும் தொழில்நுட்பத்துக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயம் என்றார் பொருளாதார அறிஞர் டின்பெர்கன். அமெரிக்காவில் 20-ம் நூற்றாண்டின் முற்பாதியில் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு பரவியபோது இடைவெளி சுருங்கியது, 1980-க்குப் பிறகு பட்டதாரிகள் பெருகும் வேகம் குறைந்ததும் விரிந்தது என்று பொருளாதார அறிஞர்கள் கோல்டினும் காட்ஸும் காட்டியிருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் பட்டதாரி ஆனாலும் நடக்க முடியாத முதியவரை யாராவது ஒருவர் தூக்கிக் குளிப்பாட்டத்தான் வேண்டும். அந்த ஒருவரின் சம்பளத்தைக் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும், பேரம் பேச அவருக்குச் சங்கம் இருக்கிறதா என்பதும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.