மைமோ ரிசீவர் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

பதினோரு வருடமாக ஓ.எம்.ஆர். பக்கம் பேஸ் ஸ்டேஷன் (செல்போன் டவர்) ரிசீவருக்கு அல்காரிதம் எழுதுகிறேன். அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆன்டெனா வைத்து, ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் பல சிக்னல்களை அனுப்பி, கலந்து வந்ததைப் பிரித்தெடுப்பதுதான் மைமோ. கோடிங் (பிழை தாங்கும்படி சிக்னலை அமைத்து அனுப்புவது), டிடெக்ஷன் (வந்ததை வைத்து அனுப்பியது எது என்று கண்டுபிடிப்பது) இரண்டைப் பற்றியும் கேட்கலாம். எந்த கம்பெனி சிம் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மயிலாப்பூரிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர்: வீட்டு வைஃபை பெட்டியில் 4 கொம்பு இருக்கிறது மேடம். போனுக்கு 4 மடங்கு வேகம் வர வேண்டாமா? வரவில்லையே.

வராது சார். பெட்டியில் எத்தனை கொம்பு என்பது பாதிக் கணக்குதான், உங்கள் போனில் எத்தனை ஆன்டெனா என்பது மீதி. இரண்டில் எது குறைவோ அத்தனை தனித்தனி சிக்னல்தான் ஓடும். போன்களில் வைஃபைக்குப் பெரும்பாலும் 2 ஆன்டெனா. மீதி கொம்புகள் வீண் இல்லை, சிக்னலை உறுதியாக்க உதவும்.

உங்களுக்குப் பழக்கமான உதாரணம் சொல்கிறேன். மார்கழி கச்சேரியில் வயலினுக்கு ஒரு மைக், மிருதங்கத்துக்கு ஒரு மைக். ஆனால் இரண்டு மைக்கிலும் இரண்டும் கேட்கும், அளவுதான் மாறும். எந்த மைக்கில் எது எவ்வளவு விழுகிறது என்று துல்லியமாகத் தெரிந்தால் கணக்குப் போட்டு இரண்டையும் பிரித்துவிடலாம். இரண்டு மைக்கையும் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டி வைத்துவிட்டால்? இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே சத்தம், பிரிக்கவே முடியாது. மைமோவின் பாதிக் கஷ்டம் இந்த ஒட்டி வைத்த மைக்தான். சுவரிலும் பீரோவிலும் பட்டுத் தெறித்துச் சிக்னல் பல வழியில் வந்தால்தான் ஆன்டெனாக்கள் வேறு வேறு மாதிரி கேட்கும். பழைய ரேடியோ ஆட்கள் எதை எதிரி என்றார்களோ அதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு.

குரோம்பேட்டை, கடைசி வருட மாணவர்: அக்கா, அலமூட்டி கோட் ப்ராஜெக்ட் செய்கிறேன். 2 ஆன்டெனாவில் அனுப்பி 1 ஆன்டெனாவில் வாங்குகிறேன். 1 ஆன்டெனாவில் அனுப்பி 2 ஆன்டெனாவில் வாங்கிக் கூட்டும் எம்.ஆர்.சி. முறையின் பிழை வளைவும் இதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. கைடு பாராட்டினார். சரிதானே?

பாராட்டை வைத்துக்கொள், வளைவு தப்பு தம்பி. அலமூட்டி 3 டெசிபல் பின்னால்தான் இருக்க வேண்டும். இரண்டு ஆன்டெனாவுக்கும் முழு பவர் கொடுத்துவிட்டாய், மொத்த பவரைப் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். இந்தத் தப்பை நான் இன்டர்வியூவுக்கு வருகிறவர்களிடம் வருடா வருடம் பார்க்கிறேன்.

சரிபார்க்க எண் தருகிறேன். ரேலே ஃபேடிங் (நேர் வழி இல்லாமல் தெறித்து மட்டும் வரும் சிக்னல்), பி.பி.எஸ்.கே. (+1, −1 என்று இரண்டே குறியீடு), சராசரி சிக்னல் இரைச்சலைவிட 10 டெசிபல் மேலே. ஒற்றை ஆன்டெனாவுக்குப் பிழை விகிதம் 0.0233 வரும். எம்.ஆர்.சி. சுமார் 0.0016, அலமூட்டி சுமார் 0.0055. இது வரவில்லை என்றால் ரிப்போர்ட் எழுத உட்காராதே. இன்னொன்று, சரிவையும் பார். சிக்னல் பலமான பக்கத்தில் 10 டெசிபல் கூட்டினால் ஒற்றை ஆன்டெனாவில் பிழை 10-இல் 1 பங்காகும், மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 100-இல் 1 பங்காகும். சரிவு ஒன்று, இடம்தான் வேறு.

கோட் அழகானது என்பதில் சந்தேகமே இல்லை. 1998-இல் அலமூட்டி எழுதியது. முதல் நேரத்தில் இரண்டு ஆன்டெனாவிலும் இரண்டு குறியீடு, அடுத்த நேரத்தில் அவற்றையே இடம் மாற்றி, கான்ஜுகேட் (கலப்பெண்ணின் கற்பனைப் பகுதிக்குக் குறி மாற்றியது) எடுத்து, ஒன்றுக்குக் குறி மாற்றி அனுப்புவது, அவ்வளவுதான். வாங்கும் பக்கம் இரண்டையும் கூட்டினால் குறுக்கே வந்தது தானாக அடிபட்டுப் போகும். வேகம் குறையாமல் இப்படிச் சுத்தமாகப் பிரியும் கோட், கலப்பெண் குறியீடுகளுக்கு 2 ஆன்டெனா வரைதான் சாத்தியம். 4 ஆன்டெனாவுக்குப் போனால் வேகம் 3/4 ஆகிவிடும். 4ஜி-யின் கட்டுப்பாட்டு சேனல்களில் இதே தந்திரத்தை நேரத்துக்குப் பதில் பக்கத்துப் பக்கத்து அதிர்வெண்களில் வைத்திருக்கிறார்கள்.

சோழிங்கநல்லூர், சாப்ட்வேர் வேலையில் இருப்பவர்: சேனல் மேட்ரிக்ஸ் (எந்த ஆன்டெனாவில் எந்த சிக்னல் எவ்வளவு விழுகிறது என்ற அட்டவணை) தெரியும் என்றால் இன்வர்ஸ் எடுத்துப் பெருக்கினால் முடிந்ததே. எதற்கு இத்தனை டிடெக்டர்?

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். பேப்பரும் பேனாவும் எடுங்கள்.

முதல் ஆன்டெனா இரண்டு சிக்னலையும் 1, 1 என்ற அளவில் கேட்கிறது. இரண்டாவது 1, 0.9 என்று கேட்கிறது. ஒட்டி வைத்த மைக் கதைதான். அனுப்பியது +1, −1. இரைச்சல் இல்லாவிட்டால் வர வேண்டியது 0, 0.1. முதல் ஆன்டெனாவில் 0.1 இரைச்சல், இரண்டாவதில் −0.05. அதனால் கைக்கு வந்தது 0.1, 0.05. இரைச்சல் ரொம்பச் சின்னது, கவனியுங்கள்.

இப்போது இன்வர்ஸ். அதன் எண்கள் −9, 10, 10, −10. பெருக்கினால் −0.4, +0.5 வரும். குறி பார்த்தால் −1, +1. இரண்டுமே தப்பு! இன்வர்ஸ் சிக்னலைப் பிரித்தது உண்மை, ஆனால் பிரிக்கிற சாக்கில் இரைச்சலின் சக்தியை ஒரு பக்கம் 181 மடங்கும் இன்னொரு பக்கம் 200 மடங்கும் ஊதிவிட்டது. ஜீரோ ஃபோர்சிங் என்பது இதுதான்.

அடுத்து எல்லா வாய்ப்பையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். அனுப்பியிருக்கக்கூடியவை 4 ஜோடிதான். ஒவ்வொன்றுக்கும் வர வேண்டியதற்கும் வந்ததற்கும் உள்ள தூரத்தின் வர்க்கத்தைப் போடுங்கள். (+1, −1)-க்கு 0.0125. (−1, +1)-க்கு 0.0325. மற்ற இரண்டும் கண்ணுக்கெட்டாத தூரம். குறைவானது முதலாவது, அதுதான் சரியான விடை. இது மேக்ஸிமம் லைக்லிஹுட். கையில் இருந்ததோ அதே இரண்டு எண்கள்தான்.

நடுவில் எம்.எம்.எஸ்.இ. இருக்கிறது. இன்வர்ஸ் எடுக்கும் முன் இரைச்சலின் அளவையும் உள்ளே சேர்த்துவிடும். இரைச்சல் சக்தி 0.01 என்று வைத்தால் இதே உதாரணத்துக்கு −0.05, +0.13 என்று வரும். பார்த்தீர்களா, இரண்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்.

அதே நண்பர்: ஆனால் எம்.எம்.எஸ்.இ.-யும் குறியில் தப்புதானே? என்ன லாபம்?

தப்புதான். ஆனால் ஜீரோ ஃபோர்சிங் −0.4 என்று ஓரளவு அடித்துச் சொல்லித் தப்பு செய்தது. எம்.எம்.எஸ்.இ. "எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை" என்று முனகியது. வகுப்பில் பையன் தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் வாத்தியார் பார்த்துக்கொள்வார் அல்லவா, இங்கே வாத்தியார் பின்னால் உட்கார்ந்திருக்கும் எரர் கரெக்ஷன் டீகோடர். 4ஜி-யில் டர்போ கோட், 5ஜி-யில் டேட்டாவுக்கு எல்.டி.பி.சி., கட்டுப்பாட்டுத் தகவலுக்கு போலார் கோட். இவை கேட்பது 0-வா 1-ஆ என்று மட்டும் இல்லை, எவ்வளவு நிச்சயம் என்பதையும் கேட்கின்றன. அதைத்தான் எல்.எல்.ஆர். என்கிறோம். சந்தேகமான பிட்டை அக்கம்பக்கத்துப் பிட்களை வைத்து டீகோடர் சரிசெய்துவிடும். அடித்துச் சொன்ன பொய்யை அப்படிச் சுலபமாகச் சரிசெய்ய முடியாது.

இதை நான் கற்றது அடி வாங்கித்தான். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நான் எழுதிய டிடெக்டரின் பிழை விகிதம் பிரமாதமாக இருந்தது. டீகோடரோடு சேர்த்ததும் வேகம் படுத்துவிட்டது. மூன்று வாரம் டீகோடர் எழுதிய பையனைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், எல்.எல்.ஆர்.-ஐ இரைச்சல் சக்தியால் வகுக்கும் இடத்தில் நான்தான் டெஸ்டிங்குக்காக ஒரு நிலையான எண்ணைப் போட்டு மறந்திருக்கிறேன். நல்ல சப்கேரியரும் (அலைவரிசையைப் பிரித்த சின்னத் துண்டு) மோசமான சப்கேரியரும் ஒரே தைரியத்தோடு பேசியிருக்கின்றன. அந்தப் பையனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தேன். அதனால் டிடெக்டரைத் தனியாக எடைபோடாதீர்கள், டீகோடரோடு சேர்த்தே ஓட்டுங்கள்.

அம்பத்தூர், எஃப்.பி.ஜி.ஏ. (சர்க்யூட்டை நாமே மாற்றி அமைக்கும் சிப்) வேலை: எல்லா வாய்ப்பையும் பார்ப்பதுதான் சிறந்தது என்றால் அதையே போட வேண்டியதுதானே?

என் உதாரணத்தில் 4 வாய்ப்பு என்று நம்பி வந்துவிட்டீர்களா! 4 சிக்னல், 64 குவாம் (ஒவ்வொரு சிக்னலும் 64 குறியீடுகளில் ஒன்று) என்றால் 64-ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 1,67,77,216. 256 குவாம் என்றால் 429 கோடியைத் தாண்டும். நேரம் எவ்வளவு இருக்கிறது? 5ஜி-யில் 100 மெகாஹெர்ட்ஸ், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி என்றால் 3,276 சப்கேரியர், அரை மில்லி செகண்டுக்கு 14 சிம்பல் (நேரத் துண்டு). பெருக்கினால் 45,864 இடங்கள். ஓர் இடத்துக்குச் சராசரியாக 11 நானோ செகண்ட் கிடைக்கும். 11 நானோ செகண்டில் 429 கோடி ஒப்பீடு!

அதனால்தான் ஸ்பியர் டீகோடர். மேட்ரிக்ஸை கியூ.ஆர். முறையில் முக்கோணமாக்கினால் தேடல் ஒரு மரம் மாதிரி ஆகிவிடும். கிடைத்த நல்ல விடையைவிட ஒரு கிளை ஏற்கெனவே தூரமாகிவிட்டால் அதற்குக் கீழே போகவே வேண்டாம், வெட்டிவிடலாம். அடிப்படைக் கணக்கு 1980-களில் ஃபிங்க்கே, போஸ்ட் இருவரும் எண் கணிதத்துக்காகச் செய்தது, பிற்பாடு நம் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால் சேனல் நன்றாக இருக்கும்போது சட்டென்று முடியும், மோசமாக இருக்கும்போது சுற்றிக்கொண்டே இருக்கும். ஹார்டுவேருக்கு அது ஆகாது, உங்களுக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு மட்டத்திலும் சிறந்த கே கிளைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் கே-பெஸ்ட் முறையை எடுங்கள். நேரம் நிலையாக இருக்கும், பைப்லைன் போடலாம். ஒரே எச்சரிக்கை: கே குறைவாக இருந்தால் ஏதாவது ஒரு பிட்டுக்கு 1 என்று சொல்லும் கிளையே மிஞ்சாது, எல்.எல்.ஆர். கணக்கு அந்தரத்தில் நிற்கும். அப்போது ஒரு உச்ச வரம்பு எண் போட்டு நிறுத்துங்கள்.

கேட் தேர்வுக்குப் படிப்பவர்: டைவர்சிட்டி, மல்டிபிளெக்ஸிங் இரண்டும் ஒரே நேரத்தில் முழுசாகக் கிடைக்குமா?

கிடைக்காது. டைவர்சிட்டி என்பது ஒரே தகவலைப் பல வழியில் வாங்கி உறுதியாக்குவது, மல்டிபிளெக்ஸிங் என்பது தனித்தனி சிக்னல்களை அனுப்பி வேகம் கூட்டுவது. 2003-இல் ஜெங், ட்சே இருவரும் எல்லையைக் காட்டிவிட்டார்கள். இரண்டு பக்கமும் 2 ஆன்டெனா என்றால் டைவர்சிட்டி 4 வேண்டுமா, மல்டிபிளெக்ஸிங் 0. மல்டிபிளெக்ஸிங் 2 வேண்டுமா, டைவர்சிட்டி 0. நடுவில் 1-க்கு 1.

தாம்பரம்–பீச் ரயிலில் தினமும் போகிறவர்: ரயில் வேகத்தில் இந்தக் கணக்கெல்லாம் குழம்பாதா?

60 கிலோமீட்டர் வேகம் என்றால் 1 மில்லி செகண்டில் 1.7 சென்டிமீட்டர் கூட நகர மாட்டீர்கள். 2.3 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 13 சென்டிமீட்டர். ரிசீவர் அதற்குள் பல முறை சேனலை அளந்துவிடும். கால் கட் ஆவதற்கு என் டிடெக்டர் மேல் பழி போடாதீர்கள், கூட்டமும் டவர் மாறுவதும்தான் முதலில் பார்க்க வேண்டியவை.

கிண்டி, முதுகலை மாணவி: 64 ஆன்டெனா மாஸிவ் மைமோவில் எந்த டிடெக்டர்? நியூரல் நெட்வொர்க் டிடெக்டர் தலைப்பு எடுக்கலாமா?

64 ஆன்டெனா, 8 யூசர் என்றால் சேனல்கள் தாமாகவே ஒன்றுக்கொன்று செங்குத்தாக நெருங்கும், எம்.எம்.எஸ்.இ. தாராளமாகப் போதும். அங்கே தலைவலி டிடெக்ஷனில் இல்லை, சேனலை அளப்பதில் இருக்கிறது. பக்கத்து செல்லும் அதே பைலட்டை (சேனலை அளக்க அனுப்பும், முன்பே தெரிந்த சிக்னல்) அனுப்பினால் உங்கள் அளவீட்டிலேயே அவர்கள் கலந்துவிடுவார்கள். மாஸிவ் மைமோவை முன்வைத்த மார்செட்டா 2010-இலேயே இதைச் சொல்லிவிட்டார். நியூரல் நெட்வொர்க் எடுங்கள், தப்பில்லை. ஆனால் ஜீரோ ஃபோர்சிங்கோடு ஒப்பிட்டு ஜெயித்தேன் என்று வராதீர்கள், அதை யாரும் ஜெயிப்பார்கள். கே-பெஸ்டோடு, ஆன்டெனாக்கள் ஒட்டி இருக்கும் சேனலில், பயிற்சி கொடுக்காத சேனலில் ஓட்டிக் காட்டுங்கள்.

கோவைக்காரர், இப்போது வேளச்சேரி: இதில் நம் ஊர்க்காரர் யாராவது உண்டா?

உங்கள் ஊர்ப் பக்கம்தான்! ஆரோக்கியசாமி பால்ராஜ், பொள்ளாச்சியில் பிறந்தவர். கடற்படையில் சோனார் வேலை செய்துவிட்டு ஸ்டான்ஃபோர்டு போனார். அங்கே பேராசிரியரான தாமஸ் கைலாத்தோடு சேர்ந்து 1992-இல் விண்ணப்பித்த காப்புரிமை, பல ஆன்டெனாவில் தனித்தனி சிக்னல் அனுப்பும் யோசனைக்கு முன்னோடி. 2014-இல் மார்க்கோனி பரிசு வாங்கினார்.

குரோம்பேட்டை மாணவர் மறுபடியும்: அக்கா, பவரைப் பாதியாக்கினேன். 0.0055 வந்துவிட்டது!

சபாஷ். இப்போது சேனல் முழுசாகத் தெரியும் என்று வைத்துக்கொண்ட வரியை அழித்துவிட்டு, பைலட் அனுப்பிச் சேனலைக் கணித்துப் பார். வளைவு வலது பக்கம் நகரும், எத்தனை டெசிபல் என்று வந்து சொல். கைடிடம் அதற்கப்புறம் போ.