வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும்: கேள்வி பதில்

கேள்வி: 12 வோல்ட், 3 ஆம்பியர். மின்தடை, திறன் எவ்வளவு?

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, இரண்டையும் பெருக்கினால் திறன். 4 ஓம், 36 வாட்.

கேள்வி: 5 வோல்ட், 20 மில்லி ஆம்பியர். வகுத்தால் 0.25 ஓம் வருகிறது. புத்தகத்தில் 250 என்று இருக்கிறதே?

புத்தகம்தான் சரி. மில்லி ஆம்பியரை முதலில் ஆம்பியராக மாற்றுங்கள்: 0.02. அப்புறம் வகுங்கள். இந்த ஒரு இடத்தில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள்.

கேள்வி: 230 வோல்ட், 60 வாட் குண்டு பல்பு. கணக்கில் 882 ஓம். கழற்றி மல்டிமீட்டரில் பார்த்தால் 65 ஓம்தான். மீட்டர் போய்விட்டதா?

நல்ல கேள்வி. மீட்டரும் சரி, கணக்கும் சரி. மீட்டர் அளந்தது ஆறிய இழையை. எரியும்போது அந்த டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டிக் காய்ந்திருக்கும். சூடு ஏற ஏற உலோகத்தின் மின்தடையும் ஏறும். இங்கே பத்து மடங்குக்கு மேல். சுவிட்சைத் தட்டிய கணத்தில் 230-ஐ 65-ஆல் வகுத்தால் வருகிற சுமார் 3.5 ஆம்பியர் பாய்கிறது, இழை காய்ந்ததும் 0.26-க்கு இறங்கிவிடுகிறது. பழைய பல்புகள் பெரும்பாலும் போடும்போதே ஃபியூஸ் ஆவது இதனால்தான்.

கழற்றி அளந்தீர்கள், நல்லது. மின்சாரம் இருக்கும்போது ஓமில் வைத்து அளக்கவே கூடாது.

கேள்வி: அப்படியானால் பல்பு விஷயத்தில் ஓம் விதி பொய்தானே?

விதி பல்புக்குப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி, வெப்பநிலை மாறாத கடத்திக்குத்தான். வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பது மின்தடையின் வரையறை. அது எந்த நிலையிலும் செல்லும். அந்த ஈவு மாறாமல் இருக்கும் என்பதுதான் விதி.

கேள்வி: சமாளிக்கிறீர்கள். ஒரு சூத்திரத்தில் (ஆம்பியர் × ஆம்பியர் × ஓம்) மின்தடை கூடினால் திறன் கூடுகிறது, இன்னொன்றில் (வோல்ட் × வோல்ட் ÷ ஓம்) குறைகிறது. இதற்கு என்ன சொல்வீர்கள்?

எது மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். ஹீட்டரை நேராக 230 வோல்ட்டில் மாட்டினால் வோல்ட்டேஜ் மாறாது. மின்தடை குறைந்தால்தான் சூடு அதிகம். தொடரிணைப்பில் எல்லாவற்றிலும் ஒரே மின்னோட்டம். அங்கே மின்தடை அதிகமுள்ளதுதான் காயும். 10 ஆம்பியர் ஓடும் லைனில் ஒரு திருகு லூசாகி அரை ஓம் சேர்ந்தது என்று வையுங்கள். 10 × 10 × 0.5, அதாவது 50 வாட். ஒரு சால்டரிங் அயர்னின் சூடு முழுக்க அந்தத் திருகு முனையில். பிளக் கருகுவது இப்படித்தான். இரண்டு சூத்திரமும் ஒன்றுதான், சண்டை வேண்டாம்.

கேள்வி: 9 வோல்ட், 300 மில்லி ஆம்பியர். 0.03 ஓம் சரியா?

மில்லி! 30 ஓம், 2.7 வாட்.

கேள்வி: 24 வோல்ட், 2 ஆம்பியர்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: ஃபேன் 230 வோல்ட்டில் 0.4 ஆம்பியர் இழுக்கிறது. பெருக்கினால் 92, தகட்டில் 75 வாட். ஏன்?

மாறுமின்னோட்டத்தில் (ஏசி) ஓடும் மோட்டாருக்குத் திறன் காரணியாலும் பெருக்க வேண்டும்; வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான திறனின் பங்கு அது. இங்கே அது ஏறக்குறைய 0.8. வகுத்து வரும் 575 ஓமும் சுருளின் மின்தடை ஆகாது.

கேள்வி: மீட்டரை ஆம்பியரில் வைத்து சாக்கெட்டின் இரண்டு துளையிலும் செருகினால் கரண்ட் தெரியுமா?

செருகாதீர்கள்! அந்த நிலையில் மீட்டரின் மின்தடை கிட்டத்தட்ட பூஜ்யம், நேரடி ஷார்ட். கையிலேயே வெடிக்கலாம். ஆம்பியர் மீட்டர் சுமையோடு, அதாவது மின்சாரம் இழுக்கும் கருவியோடு, தொடராக மட்டுமே. சாக்கெட்டில் அளப்பதென்றால் கிளாம்ப் மீட்டர் (வயரைச் சுற்றிக் கவ்வி அளப்பது) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.