மகளைக் கிர்கிஸ்தானுக்கு அனுப்பும் முன்: மதமும் அரசும் தெருவும்

கேள்வி: நாங்கள் கீழக்கரைக்காரர்கள். மகளுக்குக் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. அவள் ஹிஜாப் அணிபவள், ஐவேளைத் தொழுபவள். “அது முஸ்லிம் நாடு, நம் ஊரில் இருப்பது போலவே இருக்கலாம்” என்கிறார் ஏஜெண்ட். “அங்கே பர்தாவையே தடை செய்துவிட்டார்கள், 2024-இல் வெளிநாட்டு மாணவர்களை விடுதி புகுந்து அடித்தார்கள், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆட்சி கவிழ்கிறது” என்கிறார் மச்சான். எதை நம்பி முடிவெடுப்பது?

பதில்: உங்கள் மச்சான் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார், ஏஜெண்டோ சொல்ல வேண்டியதையே விட்டுவிட்டார். இரண்டில் இரண்டாவதுதான் உங்களுக்குக் கூடுதலாகச் சிக்கலை உண்டாக்கும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கிர்கிஸ்தான் 1991 ஆகஸ்ட் 31-இல் சுதந்திரம் அறிவித்த இளம் நாடு. மக்கள்தொகை சுமார் 70 லட்சம். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முஸ்லிம்கள், பெரும்பாலும் சுன்னத் வல் ஜமாஅத்தினர், ஹனஃபி மத்ஹபை (இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்று) பின்பற்றுபவர்கள். ஆனால் அந்த நாட்டு அரசமைப்புச் சட்டம் அரசைச் சமயச் சார்பற்றது என்று வரையறுக்கிறது. எந்த மதமும் அரசு மதமாக இருக்க முடியாது, மத அடிப்படையில் கட்சி தொடங்கவும் முடியாது. சோவியத் ஆட்சி பல பத்தாண்டுகள் பள்ளிவாசல்களை மூடி வைத்தது. பிறகு 1943-இல் தாஷ்கெண்டில் ஒரு முஃப்தி (மார்க்கத் தீர்ப்பு வழங்கும் அறிஞர்) நிர்வாகத்தை அமைத்து, மதத்தை ஒழிப்பதற்குப் பதிலாகத் தன் கண்பார்வையில் வைத்துக்கொள்ளும் வழிக்கு மாறியது. சுதந்திரத்துக்குப் பின் ஆட்சிகள் மாறினாலும் இந்தப் பழக்கம் மாறவில்லை. இன்று பிஷ்கெக்கில் நாட்டுக்கென ஒரு முஃப்தி அலுவலகமும், அதற்கு அப்பால் சமய விவகாரங்களுக்கான அரசு அமைப்பும் இருக்கின்றன. நம் ஊர் ஜமாஅத் தானாகக் கூடித் தன் பள்ளிவாசலை நடத்துகிறதே, அந்தச் சுதந்திரத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது.

அதே வேளையில், கீழிருந்து மார்க்கப் பற்று வளர்ந்துகொண்டும் இருக்கிறது. சோவியத் காலத்தின் இறுதியில் சில டஜன் பள்ளிவாசல்களே இருந்த நாட்டில் இன்று இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. துருக்கி அரசின் நிதியில் கட்டப்பட்ட மத்தியப் பள்ளிவாசல் 2018-இல் பிஷ்கெக்கில் திறக்கப்பட்டபோது துருக்கி அதிபர் எர்டோகன் நேரில் வந்திருந்தார். பெற்றோர் தொழாத வீட்டில் பிள்ளைகள் தொழுவதும், தாய் தலையை மூடாத வீட்டில் மகள் ஹிஜாப் அணிவதும் அங்கே புதிதல்ல. இதைப் பார்த்து ஆட்சியாளர்களுக்கு ஏற்படும் கலக்கம் 2016-இல் வெளிப்படையாகவே தெரிந்தது. அப்போதைய அதிபர் அதம்பாயெவின் ஆதரவோடு தெருக்களில் பெரிய விளம்பரப் பலகைகள் வைக்கப்பட்டன. பாரம்பரியக் கிர்கிஸ் தலையணியில் பெண்கள், வெள்ளை ஹிஜாபில் பெண்கள், முகத்தையும் மூடும் கறுப்பு நிகாபில் பெண்கள் என மூன்று படங்கள், கீழே, “ஐயோ என் மக்களே, எங்கே போய்க்கொண்டிருக்கிறோம்?” என்ற பொருளில் ஒரு வரி. நடுவில் இருந்த ஹிஜாபையும் சேர்த்தே அந்தப் பலகை கேள்வி கேட்டது என்பதைக் கவனியுங்கள். எதிர்ப்பாளர்கள் பதிலுக்குக் குட்டைப் பாவாடை அணிந்த பெண்களின் படத்தைப் போட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை.

இனி உங்கள் மச்சான் சொன்ன தடை. 2025 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சமயச் சட்டம், ஆளை அடையாளம் காண முடியாதபடி முகத்தை மூடும் உடையைப் பொது இடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் தடை செய்கிறது; மீறினால் 20,000 சோம் (அந்நாட்டு நாணயம்) அபராதம். தடை நிகாபுக்குத்தான். முகம் தெரியும் ஹிஜாபுக்கு இந்தச் சட்டத்தில் தடையில்லை. பக்கத்து நாடான தஜிகிஸ்தானோ 2024-இல் ‘தேசியப் பண்பாட்டுக்கு அந்நியமான’ உடை என்று சொல்லி ஹிஜாபையும் குறிவைத்துச் சட்டம் போட்டது. இரண்டு நாட்டுச் செய்திகளும் வாட்ஸ்அப்பில் ஒன்றாகக் கலந்து வந்து சேர்வதால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். ஆகவே உங்கள் மகள் ஹிஜாபுடன் தெருவில் நடக்கலாம், கடைக்குப் போகலாம். முகத்தை மூடும் வழக்கம் இருந்தால் மட்டும் அங்கே அது இயலாது.

அந்தச் சட்டத்தின் வேறொரு பகுதி நம்மவர்கள் கண்ணில் படுவதேயில்லை. வீடு வீடாகச் சென்றோ தெருவில் நின்றோ மதப் பிரசுரங்களை விநியோகிப்பது குற்றம்; பதிவு செய்யாத மதக் கூட்டங்கள் நடத்துவதும் குற்றம். விடுதி அறையில் தனியாகத் தொழுவதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் விடுமுறையில் மகளைப் பார்க்க வரும் உறவினர் தாவா (மார்க்க அழைப்பு) வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாலோ, தோழிகள் சேர்ந்து வாராந்திர பயான் (மார்க்கச் சொற்பொழிவு) ஏற்பாடு செய்தாலோ, அது அங்கே சட்டப் பிரச்சினை ஆகிவிடும். நல்லெண்ணத்தில் செய்தோம் என்பது காவல் நிலையத்தில் செல்லாது.

ஆட்சிக் கவிழ்ப்பு பற்றி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்பது மிகை. சுதந்திரத்துக்குப் பிறகு மூன்று முறை மக்கள் எழுச்சியால் அதிபர்கள் பதவி இழந்தனர். 2005 மார்ச்சில் அகாயெவ், 2010 ஏப்ரலில் பாக்கியெவ், 2020 அக்டோபரில் ஜேன்பெகோவ். மூன்றாவது முறை, சிறையிலிருந்து ஆதரவாளர்களால் விடுவிக்கப்பட்ட சாதிர் ஜபாரோவ் சில நாட்களில் பிரதமராகி, 2021 ஜனவரித் தேர்தலில் அதிபரானார். அதே ஆண்டு பொது வாக்கெடுப்பின் மூலம் அரசமைப்பை மாற்றி அதிபர் பதவிக்கு அதிகாரத்தைக் கூட்டிக்கொண்டார். இந்த மூன்று எழுச்சிகளிலும் மார்க்கம் காரணமாக இருக்கவில்லை. குடும்ப ஊழல், விலையேற்றம், தேர்தல் முறைகேடு, வடக்கு–தெற்குப் போட்டி ஆகியவையே காரணங்கள். அண்மைக் காலமாகத் தெரு அமைதியாக இருப்பதற்குக் காரணம் அரசின் இறுகிய பிடி. பத்திரிகைகள் மீதும் தன்னார்வ அமைப்புகள் மீதும் நெருக்கடி கூடியிருக்கிறது. அடுத்த அதிபர் தேர்தல் 2027 ஜனவரியில் வர வேண்டும். தேர்தல் நாட்களில் பிஷ்கெக்கின் மைய அலா-தோ சதுக்கத்தின் பக்கம் போகாமலிருப்பதும், கூட்டத்தைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பகிராமலிருப்பதும் போதிய எச்சரிக்கை.

நான் உண்மையில் கவலைப்படுவது 2024 மே மாதச் சம்பவத்தைப் பற்றித்தான். மே 13 அன்று ஒரு விடுதியில் உள்ளூர் இளைஞர்களுக்கும் வெளிநாட்டவர்களுக்கும் நடந்த கைகலப்பின் வீடியோ சில நாள் கழித்துப் பரவியது. 17-ஆம் தேதி இரவு கூட்டம் திரண்டு, வெளிநாட்டு மாணவர்கள் தங்கியிருந்த விடுதிகளைத் தாக்கியது. இந்தியத் தூதரகம் மாணவர்களை வெளியே வர வேண்டாம் என்று அறிவுறுத்தியது. அன்று அதிகம் அடிபட்டவர்களில் பாகிஸ்தான் மாணவர்கள் இருந்தார்கள், அவர்களும் முஸ்லிம்களே. அடித்தவர்கள் யாரும் கலிமா (இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழி) சொல்லச் சொல்லிச் சோதித்துப் பார்க்கவில்லை. தெற்காசியாவிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் மீதிருந்த வெறுப்பு, தோலின் நிறத்தைப் பார்த்து மாணவர்கள் மீதும் பாய்ந்தது. ஒரே மார்க்கம் என்பது அந்த இரவில் யாரையும் காப்பாற்றவில்லை என்பதால்தான், ஏஜெண்டின் வாக்குறுதியை நம்ப வேண்டாம் என்கிறேன். மகள் போய்ச் சேர்ந்த வாரமே தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யட்டும். இரவு நேர உணவகங்கள் இருக்கும் பகுதியில் தனி வீடு எடுக்க வேண்டாம். கொஞ்சம் ரஷ்ய மொழி கற்றுக்கொள்ளட்டும், தகராறு பெரிதாகாமல் பேசித் தப்பிக்க அதுதான் உதவும்.

ஏஜெண்ட் பிஷ்கெக்குக்குப் பதிலாக ஓஷ் நகரத்தைக் காட்டினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தெற்கிலுள்ள ஓஷில் தலையை மூடிய பெண்களையும் நிரம்பி வழியும் பள்ளிவாசல்களையும் கூடுதலாகப் பார்க்கலாம். உங்கள் மகளுக்கு அந்தச் சூழல் பழகியதாகவும் தோன்றலாம். அதே நகரத்தில்தான் 2010 ஜூனில் கிர்கிஸ் மக்களுக்கும் உஸ்பெக் மக்களுக்கும் இடையே மூண்ட கலவரத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இரு தரப்பும் ஒரே மத்ஹபினர். அதைப் பற்றி அங்கே யாரிடமும் பேச்சுக்குக்கூடக் கருத்துச் சொல்ல வேண்டாம்.

அன்றாட விஷயங்களில் பெரிய தொல்லை இருக்காது. நோன்புப் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் அரசு விடுமுறை நாட்கள். சாப்பிட்டு முடித்ததும் பெரியவர்கள் கையேந்தி துஆ செய்து முகத்தைத் தடவிக்கொள்வார்கள். அதே வீட்டுத் திருமணத்தில் மது பரிமாறப்படுவதும் உண்டு. கடைகளில் பன்றி இறைச்சியும் விற்கப்படுகிறது, ஆகவே ஹலால் முத்திரையைப் பார்த்து வாங்க வேண்டும். குதிரைப் பாலில் தயாராகும் கிமிஸ் என்ற பானம் புளித்துச் சற்றே போதை தரக்கூடியது என்பதையும் சொல்லி வையுங்கள். உங்கள் ஊர் ஷாஃபி மத்ஹப் வழக்கம், அங்கே ஹனஃபி. அஸர் பாங்கு (மாலைத் தொழுகைக்கான அழைப்பு) நம் கணக்கைவிடத் தாமதமாகவே கேட்கும்.

பணம் கட்டும் முன் ஏஜெண்டிடம் கேட்காமல் கல்லூரிக்கே நேரடியாகக் கடிதம் எழுதி, வகுப்பறை, பிணக்கூறு ஆய்வகம், மருத்துவமனை வார்டு, அறுவைச் சிகிச்சை அரங்கம் ஆகிய ஒவ்வொன்றிலும் தலைமறைப்புக்கு என்ன விதி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். சட்டம் தடுக்காததைக் கல்லூரியின் உடைவிதி தடுக்கக்கூடும். அதை மூன்றாம் ஆண்டில் வார்டு வாசலில் நின்று தெரிந்துகொள்வதற்குப் பதிலாக இப்போதே தெரிந்துகொள்ளலாம்.