ஜிம் ரீவ்ஸுக்குப் பின்னால் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். அப்பாவிடம் அவருடைய கேசட்டுகள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்தால் வீட்டில் அதுதான் ஓடும். அவற்றைத் தயாரித்த செட் அட்கின்ஸை மேதை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள். ஃபிடிலையும் ஸ்டீல் கிதாரையும் வெளியே தள்ளி கன்ட்ரி இசையைக் கெடுத்தவரே அவர்தான் என்கிறான் கிதார் வாசிக்கும் என் மகன். உண்மையா?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள ம.,

உங்கள் மகன் சொல்வது பாதி சரி. 1956-ல் ராக் அண்ட் ரோல் இளைஞர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனது. வேடிக்கை என்னவென்றால், எல்விஸின் ‘ஹார்ட்பிரேக் ஹோட்டல்’ பதிவில் கிதார் வாசித்தவர்களில் அட்கின்ஸும் ஒருவர். அடுத்த ஆண்டே, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்விலில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. கன்ட்ரி கேட்காதவர்களும் வாங்கினால்தான் தட்டு விற்கும் என்ற நிலை. அப்படி ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் ஒதுங்கி மெருகேறிய கன்ட்ரிக்கு ‘நாஷ்வில் சவுண்ட்’ என்று பெயர். அது என்ன என்று கேட்டவர்களிடம் பைக்குள் கைவிட்டுச் சில்லறையைக் குலுக்கிக் காட்டுவாராம். பிற்காலத்தில், கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டோம் என்று அவரே வருந்தியிருக்கிறார்.

ஆனால் 1959-ல் பதிவான ‘ஹி’ல் ஹேவ் டு கோ’வை இன்னொரு முறை கேளுங்கள். ரீவ்ஸ் மைக்கை ஒட்டி நின்று, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோலப் பாடுகிறார். ஃபிளாய்ட் கிரேமரின் பியானோ, ஒரு வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்), பேஸ். யாரும் குரலின் மேல் ஏறுவதில்லை. இது கணக்குப்பிள்ளை புத்தி அல்ல, பக்கவாத்தியக்காரனின் காது. ஹாங்க் வில்லியம்ஸ் முதல் எவர்லி சகோதரர்கள் வரை பல பாடகர்களுக்கும் பின்னால் உட்கார்ந்து வாசித்தவர் அட்கின்ஸ். மூன்று மணி நேரத்தில் மூன்று நான்கு பாட்டுகளை முடித்தாக வேண்டிய ஒலிப்பதிவு அறைகள் அவை. எங்கே வாசிக்கக் கூடாது என்பது அங்கேதான் பிடிபடும். பாட்டும் எழுதியிருக்கிறார். ரெட் ஃபோலி பாடிய ‘மிட்நைட்’ அவரும் பூட்லோ பிரையன்ட்டும் சேர்ந்து எழுதியது. ஆனால் பாட்டெழுத்து அவருக்குப் பக்கத்து வேலைதான்.

விரல்தான் உண்மையான கதை. 1924-ல் டென்னசியின் லட்ரெல் என்ற சிற்றூரில் பிறந்தவர், ஆஸ்துமாக்காரப் பையன். மெர்ல் டிராவிஸின் கிதாரை ரேடியோவில் மட்டுமே கேட்டார். டிராவிஸ் வாசித்தது கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும். பையனுக்கு அது தெரியாது. இத்தனை சுரம் வருகிறதே, மூன்று விரலாவது வேண்டும் என்று நினைத்துக் கட்டைவிரலோடு மூன்று விரல்களையும் பழக்கிவிட்டார். உலகம் இன்று ‘செட் அட்கின்ஸ் பாணி’ என்பது அந்தத் தவறான ஊகத்தைத்தான்! அதை வைத்துக்கொண்டு ரேடியோ நிலையங்களில் வேலைக்குச் சேர்ந்தார். பல இடங்களில் துரத்தினார்கள். அப்புறம் 1950-ல் கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக் குழுவோடு நாஷ்வில் வந்து சேர்ந்தார்.

மகனிடம் 1974-ல் அட்கின்ஸும் டிராவிஸும் சேர்ந்து வாசித்த ஆல்பத்தைப் போட்டுக் காட்டுங்கள். கெடுத்தவர் என்று அவன் சொல்லும் ஆள், சிறுவயதில் ரேடியோவில் கேட்ட கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்.